விஞ்ஞானமும் விசுவாசமும்: நாம் விடும் சில பிழைகள்

உயர்தரத்தில் உயிரியல் எடுக்கும் பிள்ளை வெள்ளிக்கிழமை, உயிரினங்கள் காலப்போக்கில் மாறி உருவாகின என்ற கூர்ப்புப் பாடம் படிக்கிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஆறு நாள் படைப்பைக் கேட்கிறது. எது சரி என்று கேட்டால், "சோதனைக்கு அதை எழுது, மனதில் இதை வை" என்று சொல்லிச் சமாளிக்கும் பெரியவர்கள் கிளிநொச்சியிலும் உண்டு, மாங்குளத்திலும் உண்டு. பிள்ளை இதில் பழகுவது இரட்டை வேடம்தான்.

வேதாகமத்தின் முதல் நூலான தொடக்கநூலில் ஒளி முதல் நாளில் வருகிறது, சூரியன் நாலாம் நாளில். சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாளும் எப்படி நாளாயின என்று புனித அகுஸ்தீனார் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே யோசித்தார். இயற்கையைப் பற்றித் தெரியாததை வேதத்தின் பெயரால் உளறினால், கேட்பவர்கள் வேதத்தையே நம்பமாட்டார்கள் என்றும் எச்சரித்தார். கூர்ப்பு வெறும் கருதுகோள் அல்ல, அதற்கும் மேலானது என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996இல் சொன்னார். இதைப் பிள்ளையிடம் சொல்ல ஏன் தயங்க வேண்டும்?

இதற்கு நேரெதிர்ப் பிழையும் உண்டு. பிரபஞ்சத்தின் தொடக்கத்தை விளக்கும் பெருவெடிப்புக் கோட்பாட்டைக் காட்டி, விஞ்ஞானமே கடவுளை நிரூபித்துவிட்டது என்று பிரசங்கத்தில் முழங்குவது. அந்தக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜோர்ஜ் லெமைத்ர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர். 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதைப் படைப்போடு இணைத்துப் பேசியபோது லெமைத்ருக்கே அது உவப்பாக இல்லை. கோட்பாடு நாளைக்கு மாறினால் விசுவாசத்தையும் மாற்றுவதா?

கலிலியோவுக்கு 1633இல் நடந்தது அநியாயம், மறுக்க வேண்டாம். அதை வைத்துத் திருச்சபையே விஞ்ஞானத்தின் எதிரி என்பவர்கள், பட்டாணிச் செடியில் பரம்பரை விதிகளைக் கண்ட மெண்டல் ஒரு துறவி என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் வன்னியில் உயிரோடு விளையாடும் பிழை வேறு. மடு மாதா கோவில் மண் பாம்புக்கடிக்குக் காவல் என்ற நம்பிக்கை நம்மிடம் பழையது, சைவக்காரர் வீடுகளிலும் அந்த மண் இருக்கிறது. வைத்திருப்பதில் பிழையில்லை. கடித்த பிறகு அதைப் பூசிவிட்டுக் காத்திருப்பதுதான் பிழை. பூசிப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்தான். கடிக்கும் பாம்பில் பலவற்றுக்கு விஷமே இல்லை, புடையனும்கூடச் சிலவேளை விஷம் இறக்காமல் கடிக்கும். பிழைத்தவர் சாட்சி சொல்கிறார், செத்தவர் சொல்ல வருவதில்லை.

கட்டுவிரியன்தான் மோசம். இரவில் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவரைக் கடிக்கும், வலியோ வீக்கமோ பெரிதாக இராது. மண் வேலை செய்துவிட்டது என்று நினைத்திருக்கும்போது சில மணித்தியாலத்தில் இமை சரியும், பிறகு மூச்சும் நிற்கும்.

பிரான்சின் லூர்து திருத்தலத்திலேயே 1883 முதல் குணமானவர்களைப் பரிசோதிக்க வைத்தியர்களின் அலுவலகம் இயங்குகிறது. குணமானதாக வந்த ஆயிரக்கணக்கான சாட்சியங்களில் அற்புதமென்று திருச்சபை ஏற்றவை நூறுகூட இல்லை.

ஆகவே பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். மடு மண்ணைக் கையில் வைத்துக்கொண்டே போகலாம், வழியில் செபமாலையும் சொல்லலாம். நேர்த்தி வைக்கவென்று ஆட்டோவை மட்டும் நிறுத்தாதீர்கள்.