ஓணான் அட்டையும் பாலூ தம்பியும்

மகளுக்காக அ‑அணில், ஆ‑ஆடு என்று எழுத்து அட்டைகள் செய்யத் தொடங்கினேன். ஆடு, இலை எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தன. ஓணான் மட்டும் ஒரு ராத்திரியைத் தின்றது.

எழுத்துரு: பாலூ தம்பி 2. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவினர் செய்தது, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். (இதே குடும்பத்தில் மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு. நமக்குத் தம்பி!) காய்னி என்ற இன்னொரு தமிழ் எழுத்துருவும் உருண்டைதான், ஆனால் அதில் ஒரே தடிமன். தம்பியில் 400 முதல் 800 வரை ஐந்து இருக்கின்றன. அதனால் எனக்குத் தம்பிதான்.

1. கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கிய ஜிப்பை விரித்ததும் ‘ஸ்டாட்டிக்’ என்ற உறைக்குள் போய், அங்கிருக்கும் ஐந்து கோப்புகளையும் நிறுவுங்கள். வெளியே கிடக்கும், எல்லாத் தடிமனும் ஒன்றாக அடங்கிய ‘வேரியபிள்’ கோப்பை மட்டும் நிறுவினால் பழைய மென்பொருள்களில் தடிமன்கள் தனித்தனியாகத் தெரியாமல் போகலாம்.

2. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் ஏ6 அளவில் பக்கம் திறந்து, 72 புள்ளியில் ‘ஓணான்’ என்று அடியுங்கள்.

3. இங்கேதான் நான் விழுந்தேன். 800 தடிமன், சுற்றிலும் அதே நிறத்தில் ஒரு கனமான கோடு. பார்க்கக் கொழுகொழு என்று இருந்தது. மகள் விரலை வைத்துச் சுழி எண்ணினாள். “அப்பா, இது ரெண்டு சுழியா, மூணு சுழியா?” எனக்கே தெரியவில்லை. சுற்றுக்கோடு வெளியே மட்டும் வளர்வதில்லை, 4 மி.மீ. கொடுத்தால் 2 மி.மீ. உள்ளேயும் வரும். சுழியின் ஓட்டை அடைபட்டுவிட்டது. ஓணானில் ண, ன் இரண்டுமே இருப்பதால் குட்டு உடைந்தது. ன் மேலிருந்த புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தீர்வு: தடிமனை 600க்கு இறக்குங்கள். கோட்டுக்கு எழுத்தின் நிறம் வேண்டாம், வெள்ளை கொடுங்கள். கன்ட்ரோல்‑ஷிஃப்ட்‑எஃப் அழுத்தி, ‘ஸ்ட்ரோக் ஸ்டைல்’ பகுதியில் ‘ஆர்டர்’ என்பதில் கோடு எழுத்துக்கு அடியில் போகும் படத்தைச் சொடுக்குங்கள். இதை விட்டால் வெள்ளைக் கோடு எழுத்தையே அரித்து மெலிய வைத்துவிடும். ‘ஜாயின்’ உருண்டையாக இருக்கட்டும். கூர்முனை வந்தால் தம்பியின் முகமே மாறிவிடும்.

4. ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, கன்ட்ரோல்‑ஷிஃப்ட்‑சி. எழுத்து வடிவமாக மாறிவிடும், அச்சுக் கடைக் கணினியில் தம்பி இல்லாவிட்டாலும் கவலையில்லை. நகலை மறந்தால் எழுத்துப்பிழையைத் திருத்த முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: ‘கொக்கு’ அடித்தால் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அது எழுத்துருவின் குற்றமில்லை; அவருடைய மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பு அணைந்திருந்தது. இன்னொருவருக்குத் தமிழே வரவில்லை, உருண்டை உருண்டையாக ஆங்கில எழுத்துகள் வந்தன. யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவான பாமினியின் முறையில் அடித்திருக்கிறார். யூனிகோடில் அடியுங்கள், வந்துவிடும்.