பழைய சிங்கர் மிஷினில் பல்பு மாற்றுவது எப்படி: இரண்டு புள்ளி பார்த்து வாங்குங்கள்

ஏற்காட்டில் அத்தை வீட்டில் இருப்பது சிங்கர் 99கே. மரப்பெட்டிக்குள் அடங்கும் சின்ன மிஷின். காலால் மிதிக்க வேண்டியதில்லை. முழங்காலால் ஒரு கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினால் மோட்டார் ஓடும். பெயரில் இருக்கும் 'கே', ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஊரில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். அந்தத் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். அங்கே செய்த மிஷின் இங்கே இன்னும் பாவாடைக்கு நாடா வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறது.

போன ஐப்பசியில் அத்தை போன் செய்தார். "கண்ணு, மிஷின்ல லைட்டு போயிருச்சு. வரும்போது ஒரு பல்பு வாங்கிட்டு வா." மலையில் அந்த மாதத்தில் மதியம் மூன்று மணிக்கே பனி இறங்கிவிடும். ஊசிக்கு அடியில் வெளிச்சம் இல்லாமல் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட முடியாது. ஒரு பல்புதானே என்று கிளம்பினேன். கடைசியில் இருபது கொண்டை ஊசி வளைவையும் மூன்று தடவை ஏறி இறங்கினேன். நீங்கள் ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பழைய மிஷின்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பின் பிளக்தான் இருக்கும். அதை எப்படித் திருப்பிச் சொருகினாலும் உள்ளே போகும். மிஷினில் இருக்கும் விளக்கு சுவிட்ச் ஒரு ஒயரை மட்டும்தான் துண்டிக்கும். பிளக் மாறிப் போயிருந்தால் விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் மட்டும் கரண்ட் இருக்கும். சுவர் சுவிட்சையும் நம்ப வேண்டாம். பேஸும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (அது திரும்பும் ஒயர்) மாறி ஒயரிங் செய்த வீடுகள் நிறைய உண்டு. பிளக் உங்கள் கண்ணெதிரே மேசைமேல் கிடக்கட்டும். பல்பு சூடாக இருந்தால் பத்து நிமிடம் ஆறட்டும்.

பழைய பல்பைக் கழற்றுவது

நான் சறுக்கிய இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தப் பல்பு திருகிக் கழற்றுவது இல்லை. நான் அது தெரியாமல் திருகினேன். எவ்வளவு திருகியும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தபோது கண்ணாடி மட்டும் தனியாகச் சுற்ற ஆரம்பித்தது. அடியில் இருக்கும் பித்தளைக் கேப் அசையவே இல்லை. கண்ணாடியையும் கேப்பையும் ஒட்டியிருந்த சிமெண்ட் விட்டுப்போய்விட்டது. அத்தை மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போய்விட்டார்.

உள்ளே இருப்பது இதுதான். கேப்பின் இரண்டு பக்கத்திலும் கடுகு அளவில் ஒவ்வொரு பின் நீட்டிக்கொண்டிருக்கும். ஹோல்டரில் அதற்கேற்ற பள்ளம் வெட்டியிருக்கும். பள்ளம் நேராக உள்ளே போய், பக்கவாட்டில் திரும்பி, கொஞ்சம் ஹோல்டர் வாய்ப் பக்கம் இறங்கி நிற்கும். உள்ளிருந்து ஸ்பிரிங் பல்பை வெளியே தள்ளுவதால் பின் அந்தக் கடைசிப் பள்ளத்தில் உட்கார்ந்து பூட்டிக்கொள்கிறது. வீட்டில் மாட்டும் சாதாரண பின் டைப் பல்பும் இப்படித்தான், இது அதன் தம்பி.

எனவே முதலில் பல்பை ஹோல்டருக்குள் அழுத்த வேண்டும். அழுத்தத்தை விடாமல் திருப்ப வேண்டும், கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் திரும்பும். பிறகு கையைத் தளர்த்தினால் ஸ்பிரிங்கே பல்பை வெளியே தள்ளிவிடும். பல பேர் அழுத்திவிட்டு, திருப்பும்போது அழுத்தத்தை விட்டுவிடுகிறார்கள். பின் திரும்பவும் பள்ளத்தில் விழுந்துவிடும். ஐம்பது அறுபது வருட ஸ்பிரிங் நாம் நினைப்பதைவிட முரட்டுத்தனமாக இருக்கும். கட்டைவிரல் வலிக்கிற அளவுக்கு அழுத்தலாம்.

எந்தப் பக்கம் திருப்புவது? பல்பின் கண்ணாடி முனை உங்கள் முகத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் கழலும். ஷேடுக்குள் கையைத் தலைகீழாக விட்டிருக்கும்போது இது குழப்பும். கையை விடுவதற்கு முன்பே காற்றில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரல் வழுக்கினால் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, பல்பைச் சுற்றிப் பிடியுங்கள். ரப்பர் கையுறையைவிட இது நன்றாகப் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

எனக்கு ஆனதுபோல் கண்ணாடி தனியாக வந்துவிட்டால், உருளைக்கிழங்கை வெட்டிச் சொருகித் திருப்பச் சொல்லி நிறைய வீடியோ இருக்கிறது. அது எனக்குப் பிடிக்காத வைத்தியம். அதன் ஈரமெல்லாம் ஹோல்டருக்குள் இறங்கும். பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். பழைய துணியால் மூடி, மிச்சக் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். நோஸ் பிளையரின் மூக்கைக் கேப்புக்குள் விட்டு, விளிம்பைப் பிடித்து, அதே மாதிரி அழுத்தித் திருப்புங்கள். எனக்கு இரண்டாவது முயற்சியில் வந்துவிட்டது.

சரியான பல்பு எது?

கழற்றிய பல்பைத் துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், படத்தில் அளவு தெரியாது.

கேட்க வேண்டியது: 15 வாட், 230 வோல்ட், சின்ன பின் டைப். அட்டையில் பி15டி என்று போட்டிருக்கும். 15 என்பது கேப்பின் விட்டம், மில்லிமீட்டரில். வீட்டுப் பல்பு பி22டி, அதாவது 22 மில்லிமீட்டர். நான் முதல் தடவை வாங்கிப் போன 'ஜீரோ வாட்' இரவு விளக்கு இந்த 22தான். ஹோல்டர் வாயில்கூட நுழையவில்லை. கடைசியில் இருக்கும் 'டி'க்கு, பல்பின் அடியில் இரண்டு ஈயப் புள்ளி என்று அர்த்தம். இதை மறக்காதீர்கள், அடுத்த இரண்டு பத்தியும் இதைப் பற்றித்தான்.

இரண்டாவது தடவை கேப்பை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏற்காட்டிலேயே தேடினேன். ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் பைக் இண்டிகேட்டர் பல்பு தொங்கியது. அதே 15 மில்லிமீட்டர் கேப், அதே இரண்டு பின், அதே உருண்டைக் கண்ணாடி. வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. மாட்டியபோது 'டக்' என்று அழகாகப் பூட்டிக்கொண்டது. பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். டிரிப்பர் விழுந்து வீடே இருட்டாகிவிட்டது.

அது 12 வோல்ட் பல்பு என்பது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு அடியில் இருந்தது. பைக் பல்பின் அடியில் நடுவில் ஒரே ஒரு ஈயப் புள்ளி. கரண்ட் அதன் வழியே போய் கேப் வழியாகத் திரும்பும். நம் மிஷின் ஹோல்டருக்குள் இரண்டு ஸ்பிரிங் முனைகள் உண்டு, ஒன்று பேஸ், இன்னொன்று நியூட்ரல். அந்த ஒற்றைப் புள்ளி இரண்டு முனையையும் ஒரே சமயத்தில் தொட்டுவிட்டது. அதாவது பேஸையும் நியூட்ரலையும் நேராக ஈயத்தால் இணைத்து வைத்திருந்தேன். பழைய ஃபியூஸ் கட்டையாக இருந்து, அதில் யாராவது தடிமனான கம்பியைப் போட்டிருந்தால் ஒயரே கருகியிருக்கும். ஆகவே கடையில் பல்பைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பாருங்கள். இரண்டு புள்ளி இருந்தால் வாங்குங்கள், ஒன்று இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். இரண்டு புள்ளியோடும் வண்டிப் பல்பு உண்டு என்பதால் கண்ணாடியிலோ கேப்பிலோ 230 என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரியான பல்பு கடைசியில் சேலம் டவுனில் தையல் மிஷின் உதிரி பாகம் விற்கும் கடையில் கிடைத்தது. எலக்ட்ரிக்கல் கடைகளில் அலைவதைவிட நேராக அங்கே போய்விடுவது நல்லது. "மிஷின் பல்புங்களா, பின்னா திருகா?" என்று கடைக்காரரே கேட்டார். சில மிஷின்களுக்குத் திருகு டைப் ஹோல்டர் உண்டு. அதற்குச் சின்னத் திருகு, அதாவது இ14 பல்பு வேண்டும். இரண்டு பல்பாக வாங்கிவிடுங்கள்.

மாட்டியும் எரியவில்லையா?

மூன்றாவது பயணம். சரியான பல்பு, சரியாகப் பூட்டியது, எரியவில்லை. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே இரண்டாவது பல்பைப் போட்டேன். அதுவும் எரியவில்லை. இரண்டு பல்பும் கெட்டுப்போயிருக்காது என்று அப்போதுதான் புத்தி வந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்து ஹோல்டருக்குள் பார்த்தேன். இரண்டு ஸ்பிரிங் முனையில் ஒன்று மேலே எழும்பி நிற்கிறது. மற்றது உள்ளே போய் அப்படியே ஒட்டிக்கிடக்கிறது. வருடக்கணக்கில் மிஷினுக்கு விட்ட எண்ணெய் மெல்ல இறங்கி, துணிப் பஞ்சோடு சேர்ந்து, பல்பின் சூட்டில் வெந்து அரக்கு மாதிரி ஆகியிருந்தது. போதாததற்கு மலை ஈரத்தில் பித்தளைமேல் பச்சைக் களிம்பு வேறு.

ஒரு பல்குத்தும் குச்சியால் முனையை மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள். மொபைல் ரிப்பேர் செய்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். இல்லையென்றால் மருந்துக் கடை ஸ்பிரிட் போதும். மறுபடி அழுத்துங்கள். குச்சியை எடுத்ததும் முனை துள்ளி மேலே வர வேண்டும். முனையின் தலையைப் பென்சில் ரப்பரைச் சின்னதாக வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் ஸ்பிரிங்குக்குள் உட்கார்ந்துகொள்ளும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தையல்காரர்கள் மிஷின் கழுவ அதைத்தான் எடுப்பார்கள், ஆனால் சூடாகும் விளக்கு ஹோல்டருக்குள் எரியும் எண்ணெயை விடுவானேன்? ஸ்பிரிட்டும் எரியும்தான், அது முழுக்க ஆவியாகிப் போக அரை மணி நேரம் விட்டு, அப்புறம் பல்பை மாட்டுங்கள்.

மாட்டும்போது அதே மூன்று வேலைதான், திசை மட்டும் மாறும். அழுத்தி, கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பி, கையை விடுங்கள். லேசாக இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது.

டிரிப்பர் விழுந்த பயம் எனக்குப் போகவில்லை என்பதால் முதல் தடவை சீரிஸ் பல்பு வழியாகத்தான் கரண்ட் கொடுத்தேன். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருப்பார்கள்: ஒரு பலகையில் 60 வாட் குண்டு பல்பு, அதன் வழியாகத்தான் பிளக் பாயிண்டுக்குக் கரண்ட் போகும். மிஷினில் ஷார்ட் இருந்தால் குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வேறு ஒன்றும் ஆகாது. எல்லாம் சரியாக இருந்தால் மிஷின் பல்பு எரியும், குண்டு பல்பில் கம்பி மட்டும் லேசாகச் சிவக்கும். பழைய மின்சாதனம் தொடுகிற யாரும் மல்டிமீட்டருக்கு முன்னால் இதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். எல்இடி போட்டால் மட்டும் இந்தச் சோதனை சரியாக வராது.

எல்இடியா, பழைய பல்பா?

நான் எல்இடி பக்கம். 15 வாட் பல்பு கேட்க சின்னதுதான், ஆனால் மூடிய ஷேடுக்குள் இருக்கும்போது இரும்பே சுடும். சிந்தெடிக் துணியை அதன்மேல் சாய்த்து வைத்தால் போச்சு. அத்தை கட்சி வேறு. "மார்கழிக் குளிருல விரலுக்கு இதமா இருக்கும், அத ஏன் எடுக்கற?" என்கிறார். அவர் மிஷின், அவர் விரல். அங்கே பழைய பல்புதான் எரிகிறது.

எல்இடி வாங்கினால் நீளத்தை அளந்து வாங்குங்கள். பி15டி எல்இடிகளில் சில, பழைய பல்பைவிட நீளம். ஷேடுக்கு வெளியே நீட்டிக்கொண்டு கண்ணில் அடிக்கும். மட்டமான சரக்காக இருந்தால் வெளிச்சம் துடிக்கும். மோட்டார் ஓடும்போது கைச்சக்கரம் மெதுவாகச் சுற்றுவது போலவோ நிற்பது போலவோ தெரிந்தால் அந்தப் பல்பை மாற்றிவிடுங்கள். ஓடும் சக்கரம் நிற்பதாக நினைத்துக் கை வைத்துவிடக்கூடாது.

பிற்சேர்க்கை 1: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 15 வாட் பல்பு போட்ட உடனே வெள்ளையாக மின்னிப் போய்விட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே வோல்டேஜ் நம்முடையதில் ஏறக்குறைய பாதி. 110 வோல்ட் பல்புக்கு 230 கொடுத்தால் சூடு பல மடங்கு ஏறும். மிஷினே அங்கிருந்து வந்தது என்றால் பல்பை மாற்றுவதற்கு முன் மோட்டார்மேல் இருக்கும் தகட்டைப் படியுங்கள். 110 என்று இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் ஓட்ட வேண்டும், பல்பும் 110 வோல்ட்தான்.

பிற்சேர்க்கை 2: பல்பு மாற்றிய பிறகு மிஷினைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். பல்பால் வந்தது இல்லை. ஷேடை அசைத்தபோது உள்ளே இருக்கும் பழைய ரப்பர் ஒயர் உடைந்திருக்கும். ஒயரைக் கையால் லேசாக வளைத்துப் பாருங்கள், பிளக் பிடுங்கிய பிறகுதான். ரப்பர் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் மேலே டேப் சுற்றி ஓட்டாதீர்கள். ஒயரை முழுசாக மாற்றி, மூன்று பின் பிளக் போட்டு, மிஷின் உடம்புக்கு எர்த் கொடுக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். அத்தை மிஷினுக்கும் அதைச் செய்துவிட்டோம். மிச்சமிருந்த பல்பு, பழைய துணியில் சுற்றி, பாபின் டப்பாவுக்குள் இருக்கிறது.