பி53 புரதத்தின் ஆல்ஃபாஃபோல்டு மாதிரியைப் படிப்பது எப்படி?

2024 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி, புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற இயந்திரக் கற்றல் மென்பொருளை உருவாக்கியதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அது கணித்த இருபது கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படம் கைக்கு எளிதில் கிடைத்துவிடுவதால், அதன் எந்தப் பகுதியை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பாராமலேயே பலர் அதை எடுத்து ஆய்வறிக்கையில் ஒட்டிவிடுகிறார்கள். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பிறழ்ந்து காணப்படும் பி53 புரதத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மாதிரியை முறையாகப் படிக்கும் வழியை இங்கே பார்ப்போம். உலாவி ஒன்று போதும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதற்படி: சரியான புரதத்தைத் திறத்தல்

ஆல்ஃபாஃபோல்டு புரத வடிவத் தரவுத்தளத்தின் தேடல் பெட்டியில் வெறுமனே பி53 என்று இட்டால் எலி முதலிய பிற உயிரினங்களின் புரதங்களும் சேர்ந்து வரும். ஆகவே மனிதப் புரதத்துக்கு யூனிப்ராட் என்ற புரத வரிசைத் தரவுத்தளம் தந்திருக்கும் குறியீட்டை, அதாவது பி என்னும் ஆங்கில எழுத்தையும் அதையொட்டி 04637 என்ற எண்ணையும், தட்டச்சு செய்யுங்கள். திறக்கும் பக்கத்தில் புரதத்தின் நீளம் 393 அமினோ அமிலங்கள் என்று இருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வடிவத்துக்கு முன் நிறத்தைப் பார்த்தல்

புதிதாகப் பார்ப்பவரின் கண் சுருள்களிலும் மடிப்புகளிலும்தான் போய் நிற்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நிறம். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் பிஎல்டிடிடி என்ற நம்பக மதிப்பு 0 முதல் 100 வரை தரப்பட்டிருக்கிறது. 90க்கு மேல் அடர்நீலம், 70 முதல் 90 வரை இளநீலம், 50 முதல் 70 வரை மஞ்சள், 50க்குக் கீழே செம்மஞ்சள். இது மென்பொருள் தன் கணிப்பைப் பற்றித் தானே சொல்லும் மதிப்பீடு. ஆய்வகத்தில் அளந்து பெற்றதல்ல.

பி53இன் நடுவே, ஏறத்தாழ 94 முதல் 292 வரையுள்ள பகுதி, நீலமாகத் திரண்டு நிற்கும். டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் பகுதி அதுதான். இரு முனைகளிலும் செம்மஞ்சள் நாடா இலக்கின்றிச் சுற்றி வளைந்து கிடக்கும். அதைக் கணிப்பின் தோல்வி என்று எண்ணிவிடக்கூடாது. அந்த முனைகள் இயல்பிலேயே நிலையான வடிவம் இல்லாதவை. தொடக்க முனையின் ஒரு சிறு துண்டு, எம்டிஎம்2 என்ற மற்றொரு புரதத்தோடு சேரும்போதுதான் சுருளாகி நிலைபெறுகிறது. ஆகவே நாடா படத்தில் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதற்குப் பொருளேதும் இல்லை. (சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியோரும் 1963 இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும் என்று காட்டும் வரைபடத்தில் இத்தகைய செம்மஞ்சள் பகுதிகளை வைத்துப் பார்த்தால், வரம்பு மீறிய கோணங்கள் அடிக்கடி தென்படும்.)

மூன்றாம் படி: பச்சைச் சதுரம்

கீழே பிஏஇ என்ற பச்சை நிறச் சதுர வரைபடம் இருக்கும். ஒரு பகுதியைச் சரியாகப் பொருத்தி வைத்தால் மற்றொரு பகுதியின் இடம் எத்தனை ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தவறக்கூடும் என்பதை அது காட்டுகிறது. அடர்பச்சை என்றால் பிழை குறைவு. இரண்டு பகுதிகள் தனித்தனியே நீலமாக இருந்தும், அவை சந்திக்கும் கட்டங்கள் வெளிறியிருந்தால், ஒன்றுக்கொன்று அவை படத்தில் அமைந்திருக்கும் நிலையை நம்ப முடியாது.

நான்காம் படி: குறிப்பிட்ட இடங்களைச் சொடுக்குதல்

வரிசையில் 176, 179, 238, 242 ஆகிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொடுக்குங்கள். சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் மூன்றும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒன்றும், நடுவில் எதையோ பிடித்திருப்பதுபோல ஒன்றையொன்று நோக்கி நிற்பதைக் காணலாம். உண்மையான புரதத்தில் அந்த இடத்தில் ஒரு துத்தநாக அயனி இருக்கிறது. மாதிரியிலோ அது இல்லை. ஏனெனில் இத்தரவுத்தளத்துக்கு அடிப்படையான ஆல்ஃபாஃபோல்டு 2 அமினோ அமிலச் சங்கிலியை மட்டுமே வரையும், உலோகத்தையோ டி.என்.ஏ.வையோ மருந்து மூலக்கூற்றையோ வரையாது.

இனி 175க்கும் 273க்கும் செல்லுங்கள். இரண்டிலும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, இரண்டுமே புற்றுநோயில் அடிக்கடி பிறழும் இடங்கள். ஆனால் கேடு விளையும் விதம் வேறு. 175 துத்தநாகத்தின் அண்டையில் இருப்பதால் அங்கே ஹிஸ்டிடின் வந்துவிட்டால் மடிப்பே குலைகிறது, 273 டி.என்.ஏ.வை நேரடியாகத் தொடும் இடமாதலால், அது மாறும்போது மடிப்பு பெரும்பாலும் நிலைத்திருக்க, பிடி மட்டும் நழுவுகிறது. இந்த வேறுபாட்டை மாதிரி தானாகச் சொல்லாது. பிறழ்ந்த வரிசையைக் கொடுத்தாலும் ஆல்ஃபாஃபோல்டு 2 பெரும்பாலும் பழைய வடிவத்தையே திருப்பித் தரும். இதைக் கொண்டு "பிறழ்வால் பாதிப்பில்லை" என்று முடிவுகட்டுவதுதான் தொடக்கநிலையில் நேரும் மிகப் பெரிய பிழை என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: சோதனை வடிவத்தோடு ஒப்பிடுதல்

புரதத் தரவு வங்கியில் 1டியுபி என்ற குறியீட்டை ஆங்கில எழுத்துகளில் இட்டால், 1994 இல் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் 2.2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் பெறப்பட்ட வடிவம் திறக்கும். அதில் பி53இன் நடுப்பகுதி டி.என்.ஏ.வோடும் துத்தநாகத்தோடும் இருக்கிறது. அங்கே 273ஆம் ஆர்ஜினினைத் தேடிப் பிடித்து, அதன் பக்கச் சங்கிலி டி.என்.ஏ.வின் முதுகெலும்பை நோக்கி நீள்வதைப் பாருங்கள்.

மேலும் செல்ல விரும்புவோர், 2024 இல் வெளிவந்த ஆல்ஃபாஃபோல்டு 3இன் இணையச் சேவையகத்தில் பி53 சங்கிலி நான்கு, டி.என்.ஏ. இழைகள், துத்தநாக அயனிகள் ஆகியவற்றைச் சேர்த்தே கொடுத்துப் பார்க்கலாம். வணிகம் சாராத பயன்பாட்டுக்கு அது இலவசம். அங்கு வரும் முடிவோடும் இதே நிறங்களும் பிஏஇ சதுரமும் வரும். இரு சங்கிலிகள் சந்திக்கும் கட்டங்களில் பிழை குறைவாக இருந்தால் மட்டும், அவை சேர்ந்திருக்கும் விதத்தைப் பற்றி உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.