ஃபேன் கிளட்ச் போய்விட்டதா? ரேடியேட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

ஹைவேயில் டெம்பரேச்சர் முள் அசையாமல் நிற்கிறது, ஆனால் டிராஃபிக்கில் நின்றால் மேலே ஏறுகிறது, ஏசியும் டல்லாகிவிடுகிறது என்றால் முதலில் ஃபேன் கிளட்ச் (எஞ்சினோடு ரேடியேட்டர் ஃபேனை இணைத்து, சூட்டுக்கேற்ப அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) மேல் சந்தேகப்படுங்கள். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், நின்றால்தான் ஃபேனின் வேலை. (எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தாது.)

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றுங்கள். உள்ளே சிலிகோன் திரவம் இருப்பதால் கொஞ்சம் பிடித்துப் பிடித்துதான் சுற்ற வேண்டும், ஒரு தட்டு தட்டினால் நிற்காமல் பல சுற்று ஓடினால் கிளட்ச் அவுட். சூடான எஞ்சினில் இந்தப் பிடிப்பு இன்னும் அதிகமாக இருக்க வேண்டும், அதனால் சூடாக இருக்கும்போதும் ஒருமுறை பாருங்கள், ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். அப்புறம் ஃபேன் இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள்: நன்றாக ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. நடுவில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் திரவம் கசிந்திருக்கலாம்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. கிளட்ச் இறுகிப்போனால் எப்போதும் ஆர்.பி.எம். (எஞ்சின் சுழலும் வேகம்) ஏற ஏற ஃபேன் இரைச்சல் போடும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் இரைந்து அடங்கினால் அது சாதாரணம்தான்.

சிலர் ஓடும் ஃபேனில் சுருட்டிய பேப்பரை விட்டுப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். கிளட்ச் சரியாக இருந்தும் சூடேறினால் கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு என்று அடுத்தடுத்துப் பாருங்கள்.