இராமநாதபுரம் கடற்கரையில் சொத்தை வழக்கில்லாமல் வாரிசுகளிடம் சேர்ப்பது எப்படி

உயில் என்று பேச்செடுத்தாலே, "பிறகு புரொபேட் வாங்க நீதிமன்றத்துக்கு அலைய வேண்டுமே" என்று பின்வாங்குகிறவர்களை மண்டபம் முதல் தொண்டி வரை பார்த்திருக்கிறேன். புரொபேட் என்பது, இறந்தவரின் உயில் மெய்யானதுதான் என்று நீதிமன்றம் ஆராய்ந்து தரும் சான்று. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் நெடுங்காலம் அதைக் கட்டாயமாக்கி வைத்திருந்தது, முக்கியமாகச் சென்னை, மும்பை, கொல்கத்தா நகர எல்லைக்குள் இந்துக்கள் எழுதிய உயில்களுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு மனைகளைக் குறித்து எழுதிய உயில்களுக்குமே. பாம்பனில் ஓர் இந்து எழுதி, பாம்பனில் உள்ள வீட்டைக் கொடுக்கும் உயிலுக்கு அந்தக் கட்டாயம் என்றுமே இருந்ததில்லை. சென்னையில் மனை வாங்கிப் போட்டிருப்பவர்கள் மட்டும் அந்தச் சொத்தைப் பற்றி வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும். நம் ஊர்க் குடும்பங்களை நீதிமன்றத்துக்கு இழுப்பது வேறொன்று. காகிதத்தில் ஒருவர் பெயரும் அனுபவத்தில் இன்னொருவர் பெயருமாகச் சொத்து கிடப்பதே அது.

ஆகையால் முதல் வேலை, பெட்டியைத் திறப்பது. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது ஆகியவற்றை ஒரே பாயில் பரப்பி, ஒவ்வொன்றிலும் யார் பெயர், எந்த சர்வே எண் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பத்திரத்தில் "மு. சந்தனம்" என்றும், பட்டாவில் "சந்தனமுத்து" என்றும், ஆதாரில் தலைப்பெழுத்தே இல்லாமலும் இருந்தால், அந்த மூவரும் ஒருவரே என்பதை அவர் உயிரோடு இருக்கும்போது நிறுவுவது எளிது. அவர் போன பிறகு அதே வேலை பிள்ளைகளுக்கு மலையாகிவிடும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், உயிலை எழுதும் முன் அதை மாற்றுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை விட்டு வந்த குடும்பங்களைப் போலப் பத்திரத்தையே இழந்தவர்கள், அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். வீடு நிற்பது அரசுப் புறம்போக்காக இருந்தால், மண்ணை உயிலில் எழுத முடியாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதுபவர் கையொப்பமிட வேண்டும், சாட்சிகள் இருவர் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமன்று, ஆனாலும் பதிவு செய்யுங்கள் என்றே நான் சொல்வேன். பதிவான உயிலையும் வாழ்நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். சாட்சிகளைத் தேர்வதில்தான் பலர் தவறுகிறார்கள். என் பெரியப்பா தம் வயதொத்த இரண்டு நண்பர்களைச் சாட்சியாக வைத்து உயில் எழுதினார். இருவரும் அவருக்கு முன்பே காலமானார்கள். பிறகு பங்குப் பிரச்சினை எழுந்தபோது, உயிலை மெய்ப்பிக்கச் சாட்சி ஒருவராவது வந்து சொல்ல வேண்டிய இடத்தில், எங்கள் அண்ணன் பழைய கடன் சீட்டுகளையும் கூட்டுறவுச் சங்க ரசீதுகளையும் தேடியெடுத்து, அவற்றில் இருந்த கையெழுத்தைக் காட்டி நிறுவ வேண்டியதாயிற்று. உப்புக்காற்றில் பழுத்துப்போன ஒரு ரசீதில் மை பாதி அழிந்திருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. எழுதுபவரைவிட இருபது வயதாவது இளையவராக, ஊரிலேயே இருப்பவராக, உயிலில் பங்கு பெறாதவராகச் சாட்சியைப் பாருங்கள்.

சொத்தின் விவரத்தை சர்வே எண், பரப்பு, நான்கு எல்லையோடு எழுத வேண்டும். "கடலோரத் தோப்பு" என்று மட்டும் எழுதினால் எந்தத் தோப்பு என்ற வழக்கு பிறக்கும். மகளுக்குப் பங்கில்லை என்று எழுதுவதாக இருந்தால், ஏன் என்பதையும் அதே உயிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். திருமணத்தின்போது கொடுத்தாயிற்று என்பதுதான் காரணமென்றால் என்ன கொடுத்தோம் என்பதையும் எழுதுங்கள். அதைவிட மேலானது, மகளையும் உட்காரவைத்து முன்கூட்டியே பேசிவிடுவது. பூர்வீகச் சொத்தில் அவளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று 2005ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்லிவிட்ட பிறகு, அவளை மறைத்து எழுதும் உயில் வழக்குக்கு விதையாகவே முடியும்.

உயிருள்ளபோதே சொத்தைக் கைமாற்ற விரும்புகிறவர்கள் தான செட்டில்மென்ட் எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்கு எழுதும்போது முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம். 2023 ஜூலையிலிருந்து அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாய். ஆனால் பதிவான செட்டில்மென்டை எழுதிக் கொடுத்தவர் தாமாக ரத்து செய்துவிட முடியாது. குடியிருக்கும் ஒரே வீட்டை இப்படிக் கொடுத்துவிட்டு, திண்ணையில் இடம் கேட்டு நிற்கும் பெற்றோரைப் பார்த்திருப்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: ஆயுள் உள்ளவரை நாங்களே அனுபவிப்போம் என்பதையும், பிள்ளை எங்களைப் பராமரிக்க வேண்டும் என்பதையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். பராமரிக்கும் நிபந்தனை எழுதப்பட்டிருந்தால்தான், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிடுவதற்கு உறுதியான பிடி கிடைக்கும்.

இஸ்லாமியக் குடும்பங்களில் உயில் மூலம் கொடுக்கக்கூடியது மூன்றில் ஒரு பங்கு வரையே. வாரிசாக உள்ள ஒருவருக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். ஆகவே மகளுக்கு வீட்டைக் கொடுக்க எண்ணும் கீழக்கரைப் பெற்றோருக்கு, உயிருள்ளபோதே கொடுக்கும் இஸ்லாமியத் தானமான ஹிபாவே ஏற்றது. அதற்குக் கொடுப்பதாகச் சொல்வதும், பெறுபவர் ஏற்பதும், சொத்தை ஒப்படைப்பதும் ஆகிய மூன்றும் நிறைவேற வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களில் உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாக.

இனி, கடலில்லாத ஊர்களில் எழாத ஒரு சங்கடம். கடலுக்குப் போனவர் திரும்பாமல், உடலும் கிடைக்காமல் போனால், இறப்புச் சான்று எளிதில் கிடைக்காது. பொதுவாக ஏழு ஆண்டுகள் அவரைப் பற்றிய செய்தி இல்லாதிருந்தால்தான் இறந்தவராகச் சட்டம் கருதும். அதுவரை உயில் பெட்டிக்குள் உறங்கும். இதை முன்னிட்டே, கடல் தொழில் செய்பவர்கள் வங்கிக் கணக்கை மனைவியோடு கூட்டாக, இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற வகையில் வைத்திருக்க வேண்டும். விசைப்படகாயினும் நாட்டுப்படகான வத்தையாயினும் மீன்வளத்துறைப் பதிவு யார் பெயரில் என்பதையும் பாருங்கள். படகு இலங்கையில் பிடிபட்டால், அங்குள்ள நீதிமன்றத்தில் உரிமையைக் காட்ட வேண்டியவர் பதிவுச் சான்றில் பெயர் உள்ளவரே. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், அடகு வைத்த நகை ஆகியவற்றின் கணக்கையும் மனைவி அறிந்திருக்கட்டும். கடனைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பங்குக்கு வரும்.

வங்கியில் நாமினி பெயரைத் தவறாமல் கொடுங்கள். 2025 நவம்பரிலிருந்து நால்வர் வரை கொடுக்கலாம். ஆனால் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உயிலில் ஒருவர், நாமினியில் வேறொருவர் என்று வைத்தால் வீட்டுக்குள்ளேயே வழக்கு வளரும். இரண்டிலும் ஒரே பெயரை எழுதுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் ஊருக்கு வரும் விடுமுறையில் இந்தக் காகிதங்களை அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையிலிருந்து உயரமாக, கடல் பார்த்த சுவரில் சாயாத அலமாரியில் வையுங்கள். நகல் ஒன்று மகளிடம் இருக்கட்டும்.