மினி ட்ரான்சாட் பாதையைக் காகித வரைபடத்தில் வரையும் முறை

ஆறரை மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகில் தனியொருவராக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் மினி ட்ரான்சாட் பந்தயத்தை 1977-ல் பாப் சாமன் என்ற ஆங்கிலேயர் தொடங்கினார். அப்போது இங்கிலாந்தின் பென்சான்சில் கிளம்பிய படகுகள், டெனெரீஃப் தீவில் நின்று ஆன்டிகுவாவுக்குச் சென்றன. பின்னர் இது பிரான்ஸ் நாட்டுப் பந்தயமாகிவிட்டது. 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள லே சாப்ல் தொலோனிலிருந்து கேனரித் தீவுகளின் சாந்தா குரூஸ் தெ லா பால்மா வரை 1,350 கடல் மைல் முதல் கட்டமாகவும், அங்கிருந்து கரீபியத் தீவான குவாதலூப்பின் சென் பிரான்சுவா வரை 2,700 கடல் மைல் இரண்டாம் கட்டமாகவும் அமைந்தன. கீழே சொல்லும் முறை இந்தப் பாதைக்கானது. பந்தயத்தில் இறங்க எண்ணுபவருக்கும், வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்துப் படகுகளைத் தொடர விரும்புபவருக்கும் இதுவே போதும்.

இந்தப் படகுகளில் செயற்கைக்கோள் தொலைபேசி கிடையாது. வானிலைக் கோப்புகளை இறக்கிக் கணக்குப் போட்டுப் பாதை சொல்லும் கணினியும் கிடையாது. எண்களை மட்டும் காட்டும் ஜிபிஎஸ், அருகிலிருக்கும் படகுகளை மட்டுமே எட்டும் விஎச்எஃப் வானொலி, நாளுக்கொரு முறை வானிலை அறிக்கை கேட்பதற்கான சிற்றலை வானொலிப் பெட்டி ஆகியவற்றை வைத்துக்கொண்டுதான் பல பந்தயங்கள் நடந்திருக்கின்றன. ஆகவே பாதையைப் பற்றிய பெரிய முடிவுகளையெல்லாம் கரையில் இருக்கும்போதே எடுத்து, வரைபடத்தில் பென்சிலால் குறித்துவைத்துவிட வேண்டும். தூக்கமில்லாத நான்காம் நாள் இரவில் புதிதாக யோசிப்பதைவிட, தெளிந்த தலையோடு முன்பே எழுதிவைத்ததைப் படிப்பது நல்லது.

முதலில் அளக்கும் பழக்கத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். அட்சரேகையில் ஒரு கலை, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கு, என்பது ஒரு கடல் மைல். ஆகவே தூரத்தை எப்போதும் வரைபடத்தின் பக்கவாட்டு விளிம்பில், அதுவும் நீங்கள் இருக்கும் அட்சரேகைக்கு நேராக வைத்தே அளக்க வேண்டும். மேல் விளிம்பில் அளந்தால் கணக்குத் தவறிவிடும். அடுத்ததாக, ஜிபிஎஸ் 28 பாகை 40.5 கலை என்று காட்டும்போது அந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள ஐந்து, அரைக் கலையைக் குறிக்கிறது. அதை ஐந்து விகலை (கலையின் அறுபதில் ஒரு பங்கு) என்றோ ஐம்பது விகலை என்றோ படித்துக் குறிப்பவர்கள் நிறையப் பேர். கலையில் நேரும் இந்தப் பிழை அரை மைலுக்குள் அடங்கிவிடும். பாகையை மாற்றிக் குறித்தாலோ அட்சரேகையில் அறுபது மைல் தள்ளிப்போய்விடும். மென்மையான 2பி பென்சிலையே பயன்படுத்துங்கள். கடினமான முனை ஈரக் காகிதத்தைக் கிழித்துவிடும்.

இனி முதல் கட்டம். லே சாப்லிலிருந்து ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனை வரை ஒரு கோடு போடுங்கள். அது 400 மைலுக்குச் சற்றுக் குறைவாக வரும். இது பிஸ்கே விரிகுடா. இலையுதிர்காலத்தில் மேற்கிலிருந்து காற்றழுத்தத் தாழ்வுநிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இடம். எனவே இந்த ஒரு கோட்டை நம்பாமல், காற்று தென்மேற்கிலிருந்து வந்தால் ஒரு பாதை, வடக்கிலிருந்து வந்தால் ஒரு பாதை என இரண்டு வரைந்துகொள்ள வேண்டும். ஒதுங்கக்கூடிய துறைமுகங்களையும் ஸ்பெயினின் வடகரை நெடுகச் சிவப்பு நிறத்தில் குறியுங்கள். இதை வீண் எச்சரிக்கை என்று எண்ண வேண்டாம்: 2013-ல் கடும் வானிலையால் முதல் கட்டமே ரத்தாகி, படகுகள் ஸ்பெயினின் சாடா துறைமுகத்தில் கூடி, அங்கிருந்து குவாதலூப்புக்கு மறுபடியும் புறப்பட்டன.

முதல் கட்டத்தின் முடிச்சு ஃபினிஸ்டர்தான். வடகிழக்குக் காற்று அந்த முனையைச் சுற்றும்போது நெருங்கி வேகமெடுக்கிறது. கடலும் செங்குத்தாக எழும்புகிறது. அதற்கு வெளியே பெருங்கப்பல்கள் எதிரெதிர்த் திசைகளில் செல்வதற்காகப் பிரித்த கப்பல் தடம் இருக்கிறது. இத்தகைய தடங்களைப் பந்தய விதிகள் நுழையக்கூடாத பகுதிகளாக அறிவிப்பது வழக்கம் என்பதால், அவ்வாண்டின் விதித்தாளைப் பார்த்து அவற்றின் மூலைகளை வரைபடத்தில் குறித்து, உட்பகுதி முழுவதையும் கோடுகளால் நிரப்பிவிடுங்கள். பிறகு மிஞ்சுபவை இரண்டு வாசல்கள். கரைக்கும் தடத்துக்கும் நடுவே சென்றால் தூரம் குறையும். ஆனால் மீன்பிடி படகுகளுக்கும் வலைகளுக்கும் இடையே இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியிருக்கும். 2020 முதல் ஐபீரியக் கரையோரத்தில் ஓர்க்காத் திமிங்கிலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைத்துவருவதையும் சேர்த்து எண்ண வேண்டும். தடத்துக்கு வெளியே சென்றால் நிம்மதி உண்டு, கடல் பெரிதாக இருக்கும். தனியாளாகச் செல்பவர் சந்தேகம் வரும்போது வெளிவாசலையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே இருபது நிமிடமாவது கண்ணயரலாம்.

ஃபினிஸ்டரைத் தாண்டினால், போர்ச்சுகல் கரையை ஒட்டி வடக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். இங்கே அதிகம் வரைய வேண்டியதில்லை. கேனரித் தீவுகளை நெருங்கும்போதுதான் மறுபடியும் பென்சிலை எடுக்க வேண்டும். டெனெரீஃபின் தெய்தே சிகரம் 3,715 மீட்டர் உயரமானது. லா பால்மாவின் உச்சியும் 2,400 மீட்டரைத் தாண்டும். இத்தகைய மலைகளுக்குத் தென்மேற்கே காற்று மறைவு பல பத்து மைல் நீளத்துக்குக் கிடக்கும். தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாய்களிலோ காற்று திடீரென்று இரட்டிப்பாகும். ஒவ்வொரு தீவுக்கும் தென்மேற்கே நீண்ட முக்கோணம் ஒன்றை வரைந்து நிழலிட்டுவையுங்கள். இரு கட்டங்களின் நேரத்தையும் கூட்டித்தான் இறுதி வரிசை வெளியாகும். அந்த நிழலில் பாய் தொங்கக் கிடந்து இழக்கும் அரை நாள் குவாதலூப் வரை கூடவே வரும்.

இரண்டாம் கட்டம் முதல் கட்டத்துக்கு நேர் எதிரானது: முனைகள் இல்லை, தடங்கள் இல்லை, ஒரே ஒரு பெரிய கேள்வி மட்டும் உண்டு. மேற்கே திரும்புமுன் எவ்வளவு தெற்கே இறங்குவது? இதற்கு விடை காண, பின்காற்றில் படகு நேர்கீழே ஓடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். காற்றை முன்முனையிலிருந்து அளந்து ஏறத்தாழ 150 பாகைக் கோணத்தில் வாங்கும்போதுதான் அது வேகமாக ஓடும். இக்கடலில் நிலையாக வீசும் வியாபாரக் காற்று வடகிழக்கிலிருந்து வந்தால், ஒரு பக்கம் பாய் பிடித்தால் படகு 195 பாகைத் திசையிலும், மறுபக்கம் பிடித்தால் 255 பாகைத் திசையிலும் செல்லும். குவாதலூப் ஏறக்குறைய 253-ல் இருப்பதால், இரண்டாவது திசையிலேயே நேராகப் போய்விடலாம் என்று தோன்றும். அந்தக் கோட்டில் தூரம் குறைவுதான். ஆனால் வடக்கே இருக்கும் அசோர்ஸ் உயரழுத்தம், அதாவது அசோர்ஸ் தீவுகளை ஒட்டிய உயர் காற்றழுத்தப் பகுதி, சற்றே கீழிறங்கினால் காற்று செத்துவிடும். தெற்கே இறங்கினால் தூரம் கூடும், காற்று நிலையாக இருக்கும்.

ஆகவே வரைபடத்தில் 25, 22, 19 ஆகிய அட்சரேகைகளில் மூன்று திருப்புப் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் குவாதலூப்புக்கு எஞ்சும் தூரத்தை அருகில் எழுதுங்கள். கிளம்பும் நாளின் முன்னறிவிப்பில் உயரழுத்தம் வலுவாகவும் வடக்கே ஒதுங்கியும் இருந்தால் முதல் புள்ளி, சிதறிக் கிடந்தால் மூன்றாவது. கிளம்பியபின் வானொலி அறிக்கை அதை மறுக்காதவரை மாற்றாதீர்கள். மேற்கே போகப் போகக் காற்று நேர்கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். அப்போது அதே கோணங்களில் திசைகள் 240, 300 என்றாகிவிடும்; பாயை மறுபக்கம் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

கடைசி நூறு மைலுக்குத் சிறு பகுதியை விரிவாகக் காட்டும் வரைபடம் தனியாக வேண்டும். சென் பிரான்சுவாவுக்குக் கிழக்கே லா தெசிராத் தீவும், அதற்குத் தெற்கே தாழ்வான பெத்தித் தேர் தீவுகளும் இருக்கின்றன. பின்னவை இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் ஒளிக்குறியை வரைபடத்தில் வட்டமிட்டு, அது விட்டுவிட்டு ஒளிரும் இடைவெளியை உங்கள் கையாலேயே ஓரத்தில் எழுதிவையுங்கள்.