டிரெய்லருக்கு ஏர் ஹோஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

செங்கோட்டை பக்கத்தில் உள்ள புளியரை எஸ் வளைவில் டிரெய்லர் ஏறுவதைக் கவனித்துப் பாருங்கள். முன்வண்டி வளைந்து திரும்பிவிடும், பின்னால் வரும் டிரெய்லர் இன்னும் பழைய திசையிலேயே நிற்கும். அந்த நேரத்தில் இரண்டுக்கும் நடுவே, பிரேக்குக்கான காற்றைக் கொண்டுபோகும் ஏர் ஹோஸ் எவ்வளவு தூரம் இழுபடுகிறதோ, அதற்குத் தாங்குகிற ஹோஸைத்தான் வாங்க வேண்டும். நேர் ரோட்டில் எந்த ஹோஸும் சரியாகத்தான் தெரியும். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லம் பக்கம் லோடு எடுக்கப் போகிறவர்கள் நீளத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

1. எந்த லைன் எதற்கு?

டிரெய்லருக்குப் போகும் ஏர் ஹோஸ் இரண்டு: சிவப்பு, மஞ்சள். சிவப்பு லைனில் எப்போதும் காற்று இருக்கும். முன்வண்டியிலிருந்து டிரெய்லரின் டேங்கை நிரப்புவது இதுதான். இது அறுந்தால் டிரெய்லர் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும், வண்டி நின்றுவிடும்.

மஞ்சள் அப்படி இல்லை. பிரேக் போடும்போது மட்டும்தான் அதில் காற்று போகும். அதனால் மஞ்சள் ஹோஸ் கிழிந்திருந்தாலும் பிரேக்கை மிதிக்கும் வரை தெரியாது. மலை இறக்கத்தில், பின்னால் முழு லோடோடு அது தெரியவந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிவப்பை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டு, பழைய மஞ்சளை ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடும்’ என்று விடவே விடாதீர்கள். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

அமெரிக்க வீடியோக்களில் மஞ்சளுக்குப் பதில் நீலம் இருக்கும். பிரேக் போடும்போது காற்று போகும் இந்த லைனுக்கு (சர்வீஸ் லைன்) அங்கே அந்த நிறம், குழம்ப வேண்டாம்.

2. அளவு எடுப்பது

காலி இடத்தில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு, கூட ஒருவரை நிறுத்தி, எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு மெதுவாகத் திருப்புங்கள். வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு, கேபின் பின்னால் ஹோஸ் மாட்டும் கப்ளிங்கிலிருந்து டிரெய்லர் கப்ளிங் வரை கயிறு பிடித்து அளக்க வேண்டும். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை. கப்ளிங் நடுவில் இல்லாவிட்டால் இரண்டு அளவும் ஒன்றாக வராது. பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருள் ஹோஸ் என்றால் அந்தத் தூரத்துக்கு இழுத்த பிறகும் சில சுருள்கள் மிச்சம் இருக்க வேண்டும். முழுதாக நீண்டுவிட்டால் இழுப்பெல்லாம் கப்ளிங்கின் கழுத்தில் விழும், உடைவது பெரும்பாலும் அங்கேதான். அதற்காக அளவுக்கு மீறி நீளமாகவும் வாங்கக் கூடாது. நேராக ஓடும்போது தொங்கி, சேசிஸில் உரசித் தேயும்.

3. எந்தப் பொருள்?

நைலான் சுருள் எடை குறைவு, தானே சுருங்கிக்கொள்ளும். ஆனால் மடங்கி ஒருமுறை கண்ணி விழுந்தால் அந்த இடம் போனதுதான். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் விறைத்துப்போகும். பாலியூரித்தேன் இன்னும் வளைந்து கொடுக்கும். ரப்பர் ஹோஸ் உரசலைத் தாங்கும், ஆனால் கனம். தானே சுருங்காது என்பதால் ஸ்பிரிங் போட்டுத் தூக்கிக் கட்ட வேண்டும். நெருக்கமான வளைவுகளில் ஓடும் வண்டிக்கு, நீளம் சரியாக இருக்கும் பட்சத்தில், நான் சுருளையே சொல்வேன்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரில் மாட்டும் சுருளும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அதை பிரேக்குக்குப் போடாதீர்கள். பிரேக்குக்கான சுருள் ஹோஸுக்கு ஐஎஸ்ஓ 7375 என்று தனித் தரம் இருக்கிறது. கடையில் அதைக் கேட்டு, குறியைப் பார்த்து வாங்குங்கள்.

4. முனையும் மரையும்

பழைய ஹோஸைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். மரை அளவு எம்16-ஆ, எம்22-ஆ என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது. கப்ளிங்கின் ரப்பர் வாஷரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

5. மாட்டிய பிறகு

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை ஓட்டிக் காற்று நிரப்புங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை வருகிறதா என்று கசிவு பாருங்கள். சிவப்பை உடனே பார்க்கலாம். மஞ்சளைப் பார்க்கும்போது கேபினில் ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை இருந்தாலும் நுரை வராமல் போகலாம். கடைசியாக, மறுபடியும் இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் எங்காவது உரசுகிறதா, மாட்டிக்கொள்கிறதா என்று கீழே நின்று பாருங்கள்.